தான்சானியா: மொழி, பிழைப்பு, காடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார் எஸ் சலாமில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து கல்யாண வீட்டிலும் ரயிலிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

தான்சானியா எங்கே இருக்கிறது? ரொம்பப் பெரிய நாடா?

கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தியப் பெருங்கடலின் அந்தக் கரை. வடக்கே கென்யாவும் உகாண்டாவும், தெற்கே மொசாம்பிக். பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்கு, ஆனால் 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 6.17 கோடிதான், நம் 2011 கணக்கைவிடவும் குறைவு. தலைநகரம் டொடோமா. தலைநகரை அங்கே மாற்றுவதென்று 1973-லேயே முடிவெடுத்துவிட்டார்கள், ஆனால் காசு புழங்கும் ஊர் இன்றைக்கும் கடற்கரையில் இருக்கும் தார் எஸ் சலாம்தான்.

அங்கே என்ன மொழி பேசுகிறார்கள்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் அந்த நாடு பாதி புரிந்த மாதிரி. 120-க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. ஆப்பிரிக்க மொழிகளை நான்கு பெரும் குடும்பங்களாகப் பிரிக்கும் பழைய கணக்குப்படி, நான்கையும் ஒரே நாட்டில் கேட்க முடிவது இங்கேதான். பெரும்பாலானவை பாந்து மொழிகள், மாசாய் மக்களுடையது நைலோட்டிக், இராக்வ் மொழி குஷிட்டிக், அப்புறம் நாக்கைச் சொடுக்கிப் பேசும் சாண்டாவே, ஹாட்சா. இதில் ஹாட்சா எயாசி ஏரிப் பக்கம் ஆயிரம் பேர் அளவில் பேசுவது. அதற்கு உறவு மொழி என்று எதையும் உறுதியாகக் காட்ட முடியவில்லை.

இத்தனை மொழி இருந்தும் நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனால் பேச்சு நிற்காது, காரணம் ஸ்வாஹிலி. அது கடற்கரை வணிகர்களின் மொழியாக இருந்தது. ஜெர்மானியர்கள் ஆண்டபோது கீழ்மட்ட நிர்வாகத்துக்கு அதையே எடுத்துக்கொண்டார்கள், பிரிட்டிஷார் வந்து சான்சிபார் தீவின் நகரத்துப் பேச்சை அடிப்படையாக வைத்து எழுத்து வழக்கைச் சீர்படுத்தினார்கள், 1961-இல் விடுதலை வந்ததும் நாட்டின் முதல் ஜனாதிபதியான ஜூலியஸ் நியெரேரே அதை நாட்டின் மொழியாக்கினார். அவர் பள்ளிக்கூட வாத்தியார், நாட்டுக்காரர்கள் இன்றும் 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர் என்றே சொல்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரை ஸ்வாஹிலியில் மொழிபெயர்த்ததும் அவர்தான். ஒரு ஜனாதிபதி அந்த வேலையையும் மெனக்கெட்டுச் செய்தார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இது எப்படிச் சாத்தியமானது என்று நம் ஊர்க்காரர்கள் சந்தேகத்தோடு கேட்பார்கள், நியாயமான சந்தேகம்தான். என் கணக்கில் இரண்டு காரணம். ஒன்று, அங்கே எந்த இனமும் மற்றவர்களை மிரட்டும் அளவுக்குப் பெரியதில்லை, மிகப் பெரிய இனமான சுகுமாவே ஆறில் ஒரு பங்கு அளவுதான். இரண்டு, ஸ்வாஹிலி அந்தப் பெரிய இனம் எதற்கும் சொந்தமான மொழி அல்ல. யாருடைய மொழியும் இல்லாதது எல்லோருடைய மொழியும் ஆவது சுலபம். இதை எடுத்து இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம், கணக்கு ஒத்துவராது.

தமிழருக்கு ஸ்வாஹிலி கஷ்டமா?

இல்லை, நாம் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். ஆங்கிலேயருக்கு வயலில் நிற்பதும் மூட்டையில் இருப்பதும் தட்டில் இருப்பதும் எல்லாமே 'ரைஸ்'. ஸ்வாஹிலியில் 'ம்புங்கா' என்றால் நெல், 'ம்ச்செலே' என்றால் அரிசி, 'வாலி' என்றால் சோறு. என்னோடு சேர்ந்து படித்த ஐரோப்பியப் பையன் இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு கடையில் போய்ச் சோற்றை இரண்டு கிலோ கேட்டான். எனக்கு ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது.

சொற்களிலும் தெரிந்த முகங்கள் நிறைய. மேசை அங்கே 'மேசா', இரண்டுமே போர்த்துகீசியர் விட்டுப் போனவை. கைக்குட்டைக்கு 'லேசோ', யாழ்ப்பாணத்துக்காரர்கள் லேஞ்சி என்பார்களே, அதே வேர். வக்கீல் 'வாகிலி'. காசு 'பெசா', நம் பைசாதான். வண்டி 'காரி', இந்தி மூலமாகப் போனது. ஆட்டோவுக்குப் பெயர் 'பஜாஜி', எந்தக் கம்பெனி தயாரித்தாலும் பஜாஜிதான். மக்காச்சோளம் அங்கே 'மஹிண்டி', இந்தியாவோடு சேர்த்து வைத்த பெயர். பயிர் வந்ததென்னவோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து.

இலக்கணம் மட்டும் நமக்குத் தலைகீழ். நாம் விகுதியைப் பின்னால் ஒட்டுவோம், அவர்கள் முன்னால் ஒட்டுவார்கள். 'ம்ட்டு' ஒரு ஆள், 'வாட்டு' பல ஆட்கள். 'கிட்டி' ஒரு நாற்காலி, 'விட்டி' பல. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'கிட்டாபு', புத்தகம் என்ற அரபுச் சொல். அதன் முதல் எழுத்து 'கி' என்பதால் அதையும் நாற்காலி வகையில் சேர்த்து, பன்மைக்கு 'விட்டாபு' ஆக்கிவிட்டார்கள். அரபிக்காரர் கேட்டால் மயங்கி விழுவார். உச்சரிப்பில் பயமே வேண்டாம், எழுதியபடி படிக்கலாம், அழுத்தம் அநேகமாக எப்போதும் கடைசிக்கு முந்தின அசையில்.

கென்யாவிலும் ஸ்வாஹிலிதானே?

ஆமாம், ஆனால் தான்சானியாக்காரர்கள் காதில் விழும்படி சொல்லாதீர்கள். அங்கே ஒரு பழைய கிண்டல் உண்டு: ஸ்வாஹிலி சான்சிபாரில் பிறந்தது, தான்சானியாவில் வளர்ந்தது, கென்யாவில் நோயில் விழுந்தது, உகாண்டாவில் செத்தது, காங்கோவில் புதைத்தார்கள்.

அங்கே கடிகாரம் வேறு மாதிரி என்கிறார்களே, உண்மையா?

உண்மை, நான் பட்டிருக்கிறேன். வாடகை வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் 'ஸா டாட்டு' வா என்றார், மூன்று மணி. நான் மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, சரியாக மூன்றுக்குப் போய் நின்றேன். வீடு காலையிலேயே வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் சொன்னது காலை ஒன்பது மணியை. ஸ்வாஹிலிக் கணக்கில் நாள் விடியலில் தொடங்குகிறது, நமக்கு ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒரு மணி, நண்பகல் பன்னிரண்டு என்பது ஆறு. சுவர்க் கடிகாரம் உலகத்தில் எல்லாக் கடிகாரமும் காட்டுவதையே காட்டும், படிக்கும்போது எதிர்ப்பக்கத்து எண்ணைச் சொல்வார்கள், அவ்வளவுதான். நம் தாத்தாக்கள் நாழிகை எண்ணியதும் சூரிய உதயத்திலிருந்துதானே, ஜாதகத்தில் இன்னும் அப்படித்தானே எழுதுகிறோம். அதை நினைத்துக்கொண்டால் பழகிவிடும். பேருந்துச் சீட்டு வாங்கும்போது மட்டும் காலையா, இரவா, எந்தக் கணக்கு என்று இரண்டு தடவை கேளுங்கள்.

அப்படியென்றால் சின்ன மொழிகளின் கதி?

இங்கேதான் எனக்கு உறுத்தல். நகரத்தில் பிறக்கும் பிள்ளைகள் பலருக்கு ஸ்வாஹிலிதான் தாய்மொழி, பாட்டி பேசும் ஹாயாவோ சாகாவோ காதால் கேட்டால் பாதி புரியும், வாயில் வராது. பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் அந்த மொழிகளுக்கு இடமில்லை. நாட்டை ஒன்றாக்கிய அதே கொள்கை வீட்டு மொழிகளைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பலர் முதல் பாதியை மட்டும் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆங்கிலம் தெரிந்தால் சமாளிக்கலாமா?

ஹோட்டல், விமான நிலையம், பெரிய அலுவலகங்களில் சமாளிக்கலாம், காய்கறிச் சந்தையில் முடியாது. பள்ளிக்கூடக் கதை இன்னும் விசித்திரம். அரசுத் தொடக்கப்பள்ளியில் எல்லாப் பாடமும் ஸ்வாஹிலியில், உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்த அன்றைக்கே எல்லாம் ஆங்கிலத்தில். நேற்று வரை 'ஹிசாபாட்டி' என்று கணக்குப் படித்த பிள்ளைக்கு இன்று அல்ஜீப்ரா. ஆசிரியரே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு ஸ்வாஹிலியில்தான் விளக்குகிறார், பரீட்சையோ ஆங்கிலத்தில். இதை மாற்ற வேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2021-இல் சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஸ்வாஹிலியை மொழியாக்கினார்கள், பள்ளிக்கூடம் இன்னும் அப்படியே.

ஏழை நாடா?

உலக வங்கி 2020-இல் 'கீழ் நடுத்தர வருமானம்' என்ற பெட்டிக்கு மாற்றியது, இந்தியாவும் அந்தப் பெட்டியில்தான். பெட்டியின் பெயரை விட்டுத் தள்ளுங்கள். வேலை செய்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு விவசாயத்தில், அதில் பெரும்பகுதி மானாவாரி, இரண்டு மூன்று ஏக்கர், மண்வெட்டி. நகரத்தில் பிழைப்பு என்றால் தெருவில் கூவி விற்கும் 'மச்சிங்கா', சோறு ஆக்கி விற்கும் 'மாமா லிஷே', பைக் டாக்ஸி ஓட்டும் 'போடாபோடா' பையன்கள்.

விவசாயியை அமுக்குவது என்ன என்று தெரிய வேண்டுமானால் 'லும்பேசா' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். உருளைக்கிழங்கோ வெங்காயமோ வாங்க வரும் வியாபாரி மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுவார், கிலோவுக்கு அல்ல. மூட்டை நிரம்பிய பிறகு வாயைத் தைக்காமல் மேலே வலையை வைத்துத் தொப்பி மாதிரி ஒரு கோபுரம் கட்டி, அதையும் நிரப்பச் சொல்வார். கோபுரத்துக்குக் காசு கிடையாது. அரசு தடை போட்டிருக்கிறது, சாலையோரத்தில் லாரி ஏறக் காத்திருக்கும் மூட்டைகளைப் பார்த்தால் தடையின் லட்சணம் தெரியும்.

நியெரேரேயின் சோஷலிசம் என்ன ஆனது?

1967 அருஷா பிரகடனம், அதில் வந்த சொல் 'உஜமா'. நாம் ஜமாஅத் என்கிறோமே, அதே அரபு வேரிலிருந்து வந்த 'ஜமா', அதாவது உறவுக்கூட்டம். வங்கிகளும் பெரிய ஆலைகளும் அரசுடைமை ஆயின. சிதறி வாழ்ந்தவர்களைக் கூட்டுக் கிராமங்களில் சேர்க்கிறோம் என்று ஆரம்பித்தார்கள், 1973-க்குப் பிறகு அது கட்டாயமாகி, லட்சக்கணக்கானவர்களை வண்டியில் ஏற்றி இறக்கிவிட்டார்கள். பழைய நிலம் ஒரு பக்கம், புதுக் குடிசை ஒரு பக்கம், விளைச்சல் விழுந்தது. எழுத்தறிவு ஏறியது, ஆரம்ப சுகாதாரம் ஊருக்குள் வந்தது, அதையும் மறுக்க முடியாது. 1985-இல் அவராகவே பதவியை விட்டு இறங்கினார். அந்தக் காலத்து ஆப்பிரிக்கத் தலைவர்களில் அது அபூர்வம்.

அவருக்கும் முன்னால் பிரிட்டிஷார் செய்த கூத்து ஒன்று உண்டு. 1947-இல் கோங்க்வா பக்கம் கடலை போட்டு பிரிட்டனின் எண்ணெய்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் போகிறோம் என்று போரில் மிஞ்சிய டாங்கிகளை உழவு இயந்திரமாக்கி இறக்கினார்கள். மழை பொய்த்தது, மண் வெயிலில் செங்கல்லானது, நாலைந்து வருஷத்தில் 3.6 கோடி பவுண்டு போயே போய்விட்டது. மேலே இருந்து போடும் திட்டம் யார் போட்டாலும் அந்த மண்ணில் முளைப்பதில்லை போலிருக்கிறது.

நமக்கும் அவர்களுக்கும் என்ன வியாபாரம்?

முந்திரி! தெற்கே ம்ட்வாரா, லிண்டி மாவட்டங்களில் விளையும் கொட்டையில் நிறைய ஓட்டோடு கப்பல் ஏறி இந்தியாவுக்கு வருகிறது, தூத்துக்குடிக்கும் கொல்லத்துக்கும். நம் முந்திரி பிப்ரவரிக்கு மேல்தான் வரும், அவர்களுடையது அக்டோபரில் தொடங்கிவிடும், அதனால் நம் ஆலைகள் வருஷம் முழுக்க ஓட அந்தச் சரக்கு தேவை. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும், அதை உடைத்துத் தோல் நீக்கும் வேலைதான் கூலி கொடுக்கும் வேலை, அந்தக் கூலி நம் ஊர்ப் பெண்களுக்கு வருகிறது, ம்ட்வாரா பெண்களுக்கு இல்லை. உள்நாட்டிலேயே உடைக்க வேண்டும் என்று 1970-களில் கடன் வாங்கிக் கட்டிய பெரிய ஆலைகள் பல ஓடாமல் பூட்டிக் கிடந்தன, இப்போது மறுபடியும் முயல்கிறார்கள்.

விவசாயி கொட்டையைக் கூட்டுறவுக் கிடங்கில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், அப்புறம் ஏலம், அப்புறம் காசு. அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே, அதனால் 'கங்கோம்பா' என்று ரகசியமாக முன்பணம் கொடுத்து அடிமாட்டு விலைக்கு வாங்குகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். 2018-இல் ஏல விலை படுத்தபோது அன்றைய ஜனாதிபதி மகுஃபுலி, கிலோ 3,300 ஷில்லிங் என்று அறிவித்து ராணுவத்தை அனுப்பியே கொள்முதல் செய்யச் சொன்னார்.

தங்கம், தான்சனைட் எல்லாம் அங்கேதானே?

ஏற்றுமதியில் முதலிடம் தங்கத்துக்கு. தான்சனைட் என்ற நீலக்கல் உலகத்திலேயே கிளிமஞ்சாரோ பக்கம் மெரெரானி என்ற சின்ன இடத்தில் மட்டும்தான் வெட்டி எடுக்கப்படுகிறது, 1967-இல் கண்டுபிடித்தார்கள். கல் கடத்தப்படுவதைத் தடுக்க 2018-இல் சுரங்கப் பகுதியைச் சுற்றி 24 கிலோமீட்டருக்கு மதிலே எழுப்பிவிட்டார்கள். பட்டை தீட்டும் வேலையில் பெரும் பங்கு நம் ஜெய்ப்பூரில். முந்திரிக் கதைதான் மறுபடியும்.

சான்சிபார் தனி நாடா?

இல்லை, ஆனால் தனி ஜனாதிபதி, தனி சட்டமன்றம் உண்டு. 1964 ஜனவரியில் அங்கே புரட்சி, ஏப்ரலில் பெருநிலப் பகுதியான தங்கனிக்காவோடு இணைப்பு, இரண்டு பெயரையும் ஒட்டித்தான் 'தான்சானியா' வந்தது. கிராம்புத் தீவு என்று பெயர் வாங்கியது சான்சிபார், அதிகம் விளைவதோ பக்கத்துத் தீவான பெம்பாவில். அறுவடைக் காலத்தில் பெம்பாவில் சாலையோரம் பாயை விரித்துக் காயப்போட்டிருப்பார்கள், ஊருக்குள் நுழைவதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். நமக்குச் சம்பந்தமான சேதி ஒன்று: ஐஐடி மெட்ராஸ் 2023-இல் தன் வெளிநாட்டு வளாகத்தைத் திறந்தது சான்சிபாரில்தான், ஐஐடிகளில் முதல் வெளிநாட்டு வளாகமும் அதுவே.

செரெங்கெட்டி பற்றிச் சொல்லுங்களேன்.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்ற காட்டுமாடுகள் மழையைத் துரத்திக்கொண்டு வட்டமடிக்கும் இடம், வீடியோ பார்க்காதவர்களே இல்லை, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீடியோவில் வராததைச் சொல்கிறேன். அந்தப் புல்வெளியில் மாசாய் மக்கள் மாடு மேய்த்தார்கள். 1959-இல் செரெங்கெட்டியை விட்டு வெளியேற்றி, பக்கத்தில் ங்கொரொங்கொரோவில் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழலாம் என்று சொல்லிக் குடிவைத்தார்கள். இப்போது அங்கேயும் ஆள் கூடிவிட்டது, மாடு கூடிவிட்டது என்று 600 கிலோமீட்டர் போல தள்ளி ஹண்டேனி பக்கம் ம்சொமெராவுக்குப் போகச் சொல்கிறார்கள். 2022-இல் செரெங்கெட்டியை ஒட்டிய லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட்டபோது மோதலே நடந்தது. காட்டைக் காப்பாற்ற வேண்டாமா என்றால் வேண்டும், ஆனால் மாசாய்க்காரருக்கு மூடிய வாசல் டாலர் கொண்டுவருபவருக்குத் திறக்கும்போது 'பாதுகாப்பு' என்ற சொல் என் காதில் கொஞ்சம் இடறுகிறது.

யானைகளுக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். தந்தத்துக்காகக் கொன்றே 2009-இல் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தவை 2014-இல் 43,000 அளவுக்கு இறங்கின. ஐந்தே வருஷத்தில்.

பெரிய சுற்றுச்சூழல் பிரச்சினை வேட்டையா, பருவநிலையா?

அடுப்பு. தார் எஸ் சலாமின் ஏராளமான வீடுகளில் சமையல் கரியில்தான், 'ம்கா' என்பார்கள். மொரொகொரோ சாலையில் விடிகாலையில் நின்றால் கரி மூட்டை லாரியில், பேருந்தின் கூரையில், சைக்கிளில்கூட நகரத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். சந்து முனையில் ஒரு அக்கா அதைப் பெயின்ட் டப்பாவால் அளந்து விற்பார், காலையில் ஒரு டப்பா, மாலையில் ஒரு டப்பா. கேஸ் சிலிண்டர் கணக்குப் பார்த்தால் மாதத்துக்கு மலிவாகக்கூட வரலாம், ஆனால் தினக்கூலிக்காரரிடம் மொத்தமாகக் காசு எப்போது இருந்தது? 2034-க்குள் 80 சதவீத வீடுகளில் புகையில்லா அடுப்பு என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. நடந்தால் செரெங்கெட்டிக்குச் செய்வதைவிடப் பெரிய நல்லது.

மின்சாரத்துக்கு ருஃபிஜி ஆற்றில் 2,115 மெகாவாட் அணை கட்டிவிட்டார்கள், நியெரேரே பெயரில். அது செலூஸ் காட்டுக்கு நடுவில் இருப்பதால் சூழலியலாளர்கள் கடைசிவரை எதிர்த்தார்கள்.

கிளிமஞ்சாரோ பனி உருகிவிட்டதா?

1912-இல் இருந்த பனிப்பரப்பில் நூறு வருஷத்தில் 85 சதவீதம் அளவுக்குப் போய்விட்டது. 5,895 மீட்டர் உச்சியில் மிச்சம் இருப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் கீழே இருக்கும் சாகா இனத்து விவசாயிக்குப் பனியைவிடக் காடு முக்கியம். வாழை, அதன் நிழலில் காப்பி, அதற்கும் கீழே கிழங்கு என்று அடுக்கடுக்காக வைத்திருக்கும் அவர்கள் தோட்டங்களுக்குத் தண்ணீர் மலைக்காட்டின் மழையிலும் மூடுபனியிலும் இருந்து வாய்க்கால் வழியாக இறங்குகிறது. காட்டுத்தீயில் அந்தக் காடு சுருங்குவதுதான் அவர்கள் கவலை.

ஏரிகள்?

மேற்கே தங்கனிக்கா ஏரி, 1,470 மீட்டர் ஆழம், உலகில் இரண்டாவது. அதில் பிடிக்கும் 'டகா' மீனைக் காயவைத்து விற்பார்கள், நெத்திலிக் கருவாடு நினைவு வந்து கண் கலங்கிவிடும். வடக்கே விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள், அது உள்ளூர்ச் சின்ன மீன் இனங்களில் நூற்றுக்கணக்கானவற்றைத் தின்று தீர்த்தது. ம்வான்சாவில் அதை வெட்டி உறையவைத்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் தொழில் அதனால்தான் வளர்ந்தது, வேலையும் கிடைத்தது. நல்லதா கெட்டதா என்று கேட்டால் ம்வான்சாக்காரர் ஒரு பதில் சொல்வார், மீன் ஆராய்ச்சியாளர் வேறு பதில் சொல்வார்.

போகலாமா? என்ன தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?

2025 அக்டோபர் தேர்தலில் கலவரம், ஊரடங்கு, இணைய முடக்கம் எல்லாம் நடந்தது, அதனால் டிக்கெட் எடுக்கும் முன் அப்போதைய செய்தியைப் பாருங்கள். பிளாஸ்டிக் கைப்பைக்கு 2019 ஜூனிலிருந்து தடை, ஊறுகாய் பாட்டிலைத் துணிப்பையில் வையுங்கள். தார் எஸ் சலாமிலிருந்து டொடோமாவுக்கு 2024 முதல் மின்சார ரயில் ஓடுகிறது, பேருந்தில் இடுப்பு ஒடியத் தேவையில்லை.

அப்புறம், பெரியவர்களைப் பார்த்தால் 'ஜாம்போ' வேண்டாம், அது சுற்றுலாப் பயணிக்கு. 'ஷிகாமோ' என்று சொல்லுங்கள், 'உங்கள் காலைப் பிடிக்கிறேன்' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அவர் 'மாரஹபா' என்பார். என் தெருமுனைக் கரிக்கார அக்காவிடம் முதல் நாள் அப்படிச் சொன்னேன், தனக்கு அவ்வளவு வயசா ஆகிவிட்டது என்று கோபித்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு டப்பா தலைதட்டாமல் குவித்துக் கொடுத்தார்.